உள்பக்கத்துப் பிரேக் பேடையும் பாருங்கள்

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், பல பட்டறைகளில் சக்கரத்தைக் கழற்றாமலேயே பதில் வந்துவிடும். அலாய் வீலின் சந்து வழியாக டார்ச் அடித்து ஒரு பார்வை. "பாதிக்கு மேல இருக்கு சார், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்." அவர் பார்த்தது வெளிப்பக்கத்துப் பேடை. டிஸ்க்குக்கு அந்தப் பக்கம், வண்டியின் உள்முகமாக, இன்னொரு பேட் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், குனிய வேண்டும், இரண்டு பேடையும் கவ்வியிருக்கும் காலிப்பரின் மேல்சந்து வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். என் காரின் இடது முன்சக்கரத்தில் வெளிப்பேட் 7 மி.மீ. இருந்தபோது உள்பேட் 2 மி.மீ.க்கு வந்திருந்தது. ஒரே சக்கரம், ஒரே நாளில் மாட்டிய ஒரே செட்.

இந்த வித்தியாசத்துக்குப் பேட் பொறுப்பில்லை. பேடையும் காலிப்பரையும் தாங்கி நிற்கும் சின்னச் சின்ன சாமான்கள்தான் காரணம். காலிப்பர் வழுக்கி நகரும் இரண்டு பின் (pin), அவற்றை மூடும் ரப்பர் உறையான பூட், பேட் உட்காரும் கிளிப்புகள், எல்லாவற்றையும் சுமக்கும் பிராக்கெட். பேட் மாற்ற எல்லோருக்கும் தெரியும். இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டும் வேலையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது தூத்துக்குடியில். கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம். இந்த ஊர்க் காற்றில் எந்த இரும்பும் சும்மா இருக்காது. கார் சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஐப்பசி மழை முடிந்த பிறகு வண்டியில் சில மாற்றங்கள் தெரிந்தன. மைலேஜ் கொஞ்சம் இறங்கியது. சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் முன்பெல்லாம் உருண்டு போகும் தூரம் போகவில்லை. பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுத்தது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுக்கும் வேறு வேறு காரணம் சொல்லலாம்: டயரில் காற்று குறைவு, அலைன்மென்ட், பெட்ரோல் பங்க். மூன்றும் சேர்ந்து வந்தால் பிரேக் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் உறுதியானது கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது. காமக்காபட்டியைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தியதும் கருகிய வாடை. இடது முன்சக்கரத்தின் ரிம்முக்கு ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டினாலே அனல் அடித்தது. வலது பக்கத்திலும் சூடு இருந்தது, ஆனால் மலை இறங்கிய வண்டிக்கு இருக்கும் சாதாரணச் சூடு. கையை ரிம்மில் வைத்துப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் காட்டினாலே போதும். டிஸ்க்கின் சூடு நூறு டிகிரியைத் தாண்டி எங்கேயோ இருக்கும். அந்த நேரத்தில் சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவும் கூடாது. வார்ப்பிரும்பு டிஸ்க் வளையலாம், விரிசல் விடலாம். நிழலில் நிறுத்திக் காத்திருப்பதுதான் வழி.

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் வரை சுமார் 1,700 மீட்டர் இறக்கம். ஆட்களோடும் மூட்டை முடிச்சோடும் 1,300 கிலோ எடையுள்ள வண்டி அத்தனை உயரம் இறங்கும்போது 2 கோடி ஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படுகிறது. எழுபது லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவருகிற அளவு வெப்பம் அது. இதில் ஒரு பங்கைக் காற்றும், கியரைக் குறைத்துப் பிடித்தால் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக்கின் தலையில்தான். அதிலும் இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்வதால் பெரும் பங்கு முன்சக்கரங்களுக்கு. அங்கே ஒரு பக்கம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க்குக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

சூடு ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு, பெடலின் அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயிலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 இருந்தால் போதும் என்பதே தர அளவு. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மலைப்பாதையில் "திடீர்னு பிரேக் பிடிக்கல" என்று சொல்கிற விபத்துகளில் இப்படி நடந்தவையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

இப்போது காலிப்பருக்கு வருவோம். சிறிய கார்களில் இருப்பது நகரும் வகைக் காலிப்பர். ஆயிலின் அழுத்தத்தில் பேடைத் தள்ளும் பிஸ்டன் ஒன்றே ஒன்று, அதுவும் உள்பக்கத்தில். பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். அதற்கு மேல் அது முன்னால் போக முடியாது. ஆகவே காலிப்பர் உடம்பே இரண்டு பின்களின் மேல் வழுக்கிப் பின்வாங்கி, வெளிப்பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து டிஸ்க்கில் சேர்க்கும். இரண்டு பேடும் சமமாகப் பிடிக்க வேண்டும் என்றால் அந்தப் பின்கள் தடையில்லாமல் வழுக்க வேண்டும். பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. பாரம் முழுக்க உள்பேடின் மேல். சில சமயம் காலிப்பர் நகர்ந்துவிட்டுத் திரும்ப வராமல் அங்கேயே நின்றுவிடும். அப்போது வெளிப்பேட் உரசிக்கொண்டே ஓடும். இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகினால் காலிப்பர் சாய்ந்து, பேட் ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் மெலிதாகவும் தேயும். தேய்ந்த பேடைக் கையில் வைத்துப் பார்த்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். பழைய பேடைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

ஊருக்கு வந்ததும் எனக்குப் பழக்கமான ஒரு சின்னப் பட்டறையில் வண்டியை விட்டேன். அங்கிருக்கும் அண்ணாச்சி அம்பாஸடர் காலத்து டிரம் பிரேக்கில் கை பழகியவர். நான் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பதையும், கையில் ஸ்பேனர் எடுப்பதையும் தடுக்கமாட்டார். "தம்பி, பேட மாத்துறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான். பின்ன உருவி கிரீஸ் வைக்கிறவன் எத்தன பேரு, சொல்லு" என்றார் ஜாக்கியை உருட்டிக்கொண்டே.

வீட்டில் செய்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி சக்கரத்துக்குள் தலையை விடக் கூடாது. சமமான கெட்டித் தரை, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, வண்டியின் எடை தாங்கும் ஸ்டாண்ட், கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுவது. இத்தனையும் இருந்தால்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்தால் காலிப்பரின் பின்பக்கம் நன்றாகத் தெரியும்.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. வண்டியைத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். "சர்... சர்..." என்று லேசாக உரசும் சத்தம் வருவது சகஜம். பேட் டிஸ்க்கை விட்டு விலகும் தூரம் மிகக் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுற்றவே தோள்பலம் வேண்டியிருந்தால் பிடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் வலது சக்கரம் தள்ளினால் போனது, இடது சக்கரம் கையை எடுத்ததும் நின்றது.

பிடிப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அண்ணாச்சி செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பெடலை ஒருமுறை மிதித்து விடச் சொன்னார். பிறகு ஆயிலில் சேரும் காற்றை வெளியேற்றக் காலிப்பரில் இருக்கும் திறப்பான நிப்பிளில் ஒரு டியூபைச் சொருகி, கால் சுற்று தளர்த்தினார். அந்த நேரத்தில் சக்கரம் சட்டென்று விடுபட்டால் ஆயிலில் அழுத்தம் தேங்கி நிற்கிறது என்று பொருள். காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். வெளியில் பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ், போகும் ஆயிலை விட்டு, திரும்பும் ஆயிலைத் தடுக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடுபடவில்லை என்றால் கோளாறு ஆயிலில் இல்லை, பின், பேட், பிஸ்டன் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது. எங்களுக்கு விடுபடவில்லை.

கீழ்ப் பின்னின் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கினால் பேட்கள் வெளியே வர வேண்டும். வெளிப்பேட் வந்துவிட்டது. உள்பேடை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்ப வேண்டியிருந்தது. நல்ல நிலையில் இருக்கும் பேட் கையோடு வரும். இதைக் கவனிக்காமல் சுத்தியலால் தட்டி எடுத்து, அதே இடத்தில் புதுப் பேடையும் சுத்தியலால் தட்டி ஏற்றினால், புதுப் பேடுக்கும் அதே கதிதான்.

அந்த உள்பேடை நான் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேல் முனையில் மூன்றரை மி.மீ. இருந்தது, கீழ் முனையில் 2. தேய்மானத்தைக் காட்டிக் கொடுக்கும் சின்ன எஃகு நாக்கு சில பேட்களில் இருக்கும். பேட் தீரும் நேரத்தில் டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று கத்தும். இந்தப் பேடில் அது வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது. 7 மி.மீ. இருக்கும் பேடில் அது எங்கே கத்தும்? உள்பக்கம் இரும்போடு இரும்பு உரசும் வரை சத்தமே வந்திருக்காது. சத்தம் வரவில்லை என்பதை வைத்துப் பிரேக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. புதுப் பேடின் உரசும் பகுதி பொதுவாக 10 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுவது நல்லது. அளக்கும்போது பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், மிக மெலிந்த இடத்தில் அளக்க வேண்டும்.

அப்புறம் பின்கள். மேல் பின் கையால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின் அசையவில்லை. அதன் ரப்பர் பூட்டின் மடிப்பில் நகம் நுழையும் அளவு கிழிசல். அதன் வழியாக மழைநீரும் உப்பும் போயிருக்கின்றன. பின்னின் அறுகோணத் தலையில் ஸ்பேனர் போட்டு இப்படியும் அப்படியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, பொறுமையாக உருவினோம். வெளியே வந்த பின்னில் கிரீஸ் என்று எதுவும் இல்லை. கருப்பாக, தார் காய்ந்த மாதிரி ஒரு பொருக்கு. அதைச் சுரண்டியதும் அடியில் புள்ளி புள்ளியாகத் துருக்குழி. இப்படிக் குழி விழுந்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். பின்னும் பூட்டும் சேர்ந்த கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்குவதில் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

பல கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்று அல்ல. ஒன்றில் நுனியில் ரப்பர் உறை இருக்கலாம், அல்லது பக்கவாட்டில் தட்டையாகச் செதுக்கியிருக்கலாம். மாற்றிப் போட்டால் மாட்ட முடிந்துவிடும், ஆனால் காலிப்பர் சத்தம் போடும் அல்லது இறுகும். கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் போகும் துளையையும் சுத்தம் செய்ய வேண்டும். பாட்டில் பிரஷ் மாதிரியான சின்ன பிரஷ்ஷை பிரேக் கிளீனரில் நனைத்து உள்ளே விட்டுச் சுற்றினால் பழைய பொருக்கு வந்துவிடும். துளை காய்ந்த பிறகுதான் கிரீஸ். எந்த கிரீஸ் என்பது முக்கியம். வீல் பேரிங்குக்கு வைக்கும் சாதாரண கிரீஸை இங்கே வைக்கக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கில் பயன்படும் ரப்பர் ஊதிவிடும், ஊதிய ரப்பர் பின்னை இறுக்கிப் பிடிக்கும். பிரேக் பின்னுக்கென்றே சூடு தாங்கும் சிலிகான் கிரீஸ் இருக்கிறது, சின்னச் சின்ன பாக்கெட்டில்கூடக் கிடைக்கும். அதையும் மெல்லிய பூச்சாகத்தான் வைக்க வேண்டும். அள்ளி அடைத்தால் பின் உள்ளே போகும்போது காற்றும் கிரீஸும் வெளியேற இடமில்லாமல் பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சரியாக வைத்த பின்னை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், எங்கும் தட்டாது. பூட்டின் வாய் பின்னின் காடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். அங்கே இடைவெளி விட்டால் மற்ற எல்லாம் வீண்.

பேட் இறுகியதற்குத் தனிக் காரணம் இருந்தது. பிராக்கெட்டில் பேடின் இரண்டு காதுகள் உட்காரும் இடத்தில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகள் இருக்கும். அந்தக் கிளிப்பின் மேல்தான் பேட் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். கிளிப் துருப்பிடிக்காது, ஆனால் அதற்கு அடியில் இருக்கும் பிராக்கெட் வார்ப்பிரும்பு. அங்கே துரு ஏறினால் அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கிளிப்பை உள்ளிருந்து உப்ப வைக்கும். பேட் போக வேண்டிய இடம் கால் மி.மீ. குறைந்தால் போதும், பேட் மாட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் கிளிப் பளபளவென்று இருக்கும். கழற்றினால்தான் அடியில் செதில் செதிலாகத் துரு தெரியும். கடலோர ஊர்களில் இதை நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். என் வண்டியில் இன்னொன்றும் இருந்தது: கீழ்ப்பக்கத்தில் ஒரு கிளிப்பே இல்லை. எப்போதோ பேட் மாற்றியபோது யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கிளிப் இல்லாத இடத்தில் பேடின் காது பிராக்கெட்டையே அறுத்துப் பள்ளம் போட்டிருந்தது. பள்ளம் ஆழமாக இருந்தால் பிராக்கெட்டையே மாற்ற வேண்டியிருக்கும், என்னுடையது மேலோட்டமாக இருந்ததால் தப்பியது.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சத்தை ஒரு தட்டை அரத்தால் மெதுவாக எடுத்தோம். துரு போய் இரும்பின் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அரம் போட்டால் பேட் ஆடும், குண்டுகுழியில் 'டக் டக்' என்று தட்டும். புதுக் கிளிப் போட்டு, பேடை வெறும் கையால் உள்ளே வைத்து, இரண்டு விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தோம். வழுக்கியது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் காலிப்பரை மூட வேண்டாம். பேட் செட் வாங்கும்போது கிளிப் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். பல செட்களில் வராது, தனியாக வாங்க வேண்டும்.

இந்த வேலையில் பறக்கும் கருப்புத் தூளை ஏர் கம்ப்ரஸரால் ஊதுவது நம் பட்டறைகளில் வாடிக்கை. தயவுசெய்து அப்படி ஊத விடாதீர்கள். எந்தப் பேடில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, பழைய வகைகளில் ஆஸ்பெஸ்டாஸ்கூட இருந்திருக்கிறது. கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து எடுங்கள், மாஸ்க் போடுங்கள். அண்ணாச்சியின் பட்டறையில் வேலை பார்க்கும் பையனுக்கு வயது இருபதுகூட இருக்காது. நாள் முழுவதும் அந்தத் தூளில் நிற்கிறான். இதைச் சொல்லிச் சொல்லி இப்போது அங்கே ஈரத்துணிதான்.

காலிப்பரைத் தூக்கி வைத்திருக்கும் நேரத்தில் அதை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிட வேண்டும். ஹோஸை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். வளைவில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், அல்லது யாராவது பெடலை அழுத்தும்போது எங்காவது உப்பினால், மாற்றிவிட வேண்டும்.

பிஸ்டனைப் பின்னால் தள்ள சி கிளாம்ப் (சி வடிவ இறுக்கி) போதும். பழைய பேடைக் குறுக்கே வைத்து, மெதுவாக இறுக்கினால் ஒரே சீராக உள்ளே போக வேண்டும். பாதியில் மாட்டினாலோ, தூசி பூட் கிழிந்து ஓரத்தில் ஈரம் கசிந்தாலோ, காலிப்பரைப் பிரித்து சீல் மாற்ற வேண்டும். பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னிழுப்பது ஒரு சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம்தான். அழுத்தத்தில் அது முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனைக் கூடவே இழுக்கும். இதற்கென்று ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த வளையம் கெட்டியாகிவிட்டால் பிஸ்டன் விலகாது. பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பும். டப்பா நிறைந்திருந்தால் வழியும். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலை டியூப் வழியாக வெளியே விட்டுத் தள்ளுவது இன்னும் நல்லது, காலிப்பருக்குள் கிடந்த கருத்த ஆயில் அப்படியே போய்விடும். பிஸ்டன் நின்றதும், கிளாம்பைத் தளர்த்துவதற்கு முன்பே, நிப்பிளை மூடிவிட வேண்டும்.

டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் டிஸ்க்கின் நடுப்பகுதியிலேயே பொறித்திருக்கும். சிறிய கார்களில் புது டிஸ்க்குக்கும் அந்த வரம்புக்கும் பொதுவாக 2 மி.மீ.தான் வித்தியாசம். சாதாரண வெர்னியரால் அளந்தால் தேயாமல் நிற்கும் ஓர விளிம்பு இடையில் வந்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மைக்ரோமீட்டரால் விளிம்புக்கு உள்ளே, சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். நீலம் பாய்ந்த திட்டு, மயிரிழை விரிசல், உள்முகத்தில் ஆழமான கோடு ஆகியவற்றையும் பாருங்கள். உள்பேட் தேய்ந்த வண்டியில் டிஸ்க்கின் உள்முகம்தான் அடிபட்டிருக்கும், அதையும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. மழை நாளில் ஒரு இரவு நின்ற வண்டியின் டிஸ்க்கில் தெரியும் செம்மண் நிறத் துருவுக்குப் பயப்பட வேண்டாம், நாலைந்து பிரேக்கில் போய்விடும். பெடல் அதிர்ந்தால் உடனே டிஸ்க் வளைந்துவிட்டது என்று லேத்துக்கு அனுப்பாதீர்கள். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் ஒரு துருச் செதில் இருந்தாலே டிஸ்க் சாய்ந்து சுற்றும். முதலில் அதைச் சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள்.

பிராக்கெட்டை அச்சோடு பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள்தான் இத்தனைக்கும் ஆதாரம். நீங்கள் பிரேக் அடிக்கும்போது அந்தச் சக்கரத்தை நிறுத்தும் விசை முழுவதும் அந்த இரண்டு போல்ட்டுகள் வழியாகத்தான் போகிறது. சிறிய கார்களில் இவற்றின் இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், காலிப்பர் பின் போல்ட் அதைவிட மிகக் குறைவு, 25 முதல் 35. உங்கள் வண்டிக்கான சரியான அளவைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். பின் போல்ட்டைப் பிராக்கெட் போல்ட் மாதிரி பலம் கொடுத்து இறுக்கினால் மரை போய்விடும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குவது வீண் செலவு என்று நினைக்காதீர்கள். மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கையேடு சொன்னால் மரை பிடிக்கும் பசை ஒரு சொட்டு விட்டு, இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை ஸ்டார்ட் செய்து நகர்த்துவதற்கு முன், பெடலைக் கெட்டியாகும் வரை மிதித்துவிட வேண்டும். பின்னால் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை பெடல் தரைக்குப் போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து சுவரில் மோதிய வண்டிகளைப் பற்றி எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். பிறகு ஆயில் அளவைச் சரிபார்த்து, வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள். பேடை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புதுப் பேடை முதல் நாளே அழுத்தி அடிக்கக் கூடாது. ஆள் இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பது, கொஞ்ச தூரம் சும்மா ஓட்டி ஆறவிடுவது, திரும்பக் குறைப்பது என்று ஒரு பத்து முறை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். நாங்கள் திருச்செந்தூர் சாலையில் போய் இதைச் செய்துவிட்டு, திரும்பி வந்ததும் இரண்டு டிஸ்க்கின் சூட்டையும் தூரத்திலிருந்து அளக்கும் தெர்மாமீட்டரால் பார்த்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஸ்டீயரிங் இழுப்பு நின்றுவிட்டது, மைலேஜும் பழைய இடத்துக்கு வந்தது.

கடலோரத்தில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பின்களை உருவிப் பார்ப்பது நல்லது, வருடம் ஒரு முறை போதும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டி என்றால் எடுப்பதற்கு முன்பே. மலை ஏறத் திட்டமிருந்தால் புறப்படுகிற அன்று காலையில் செய்யாமல், ஒரு வாரம் முன்னால் செய்துவிடுங்கள். சாமான் வாங்க வேண்டியிருக்கும். மலை இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

நீங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டறையில் கொடுத்தாலும், கழற்றிய நான்கு முன்பேடையும் தரையில் வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள், எது உள், எது வெளி, எது இடது, எது வலது என்று. பின்னை விரலால் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கிளிப்பைக் கழற்றி, அடியில் தேய்த்தார்களா என்று பாருங்கள். இந்த வேலைக்குப் பேட் மாற்றுவதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகும். அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.